ஐ.பி. கொடுப்பதற்கு முன் ஒரு பட்டியல்

ஐ.பி. (கடனைத் தீர்க்க முடியாது என்று கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு, பேச்சு வழக்கில் மஞ்சக் கடுதாசி) கொடுக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பார்கள். "கொடுத்துட்டா யாரும் வீட்டுப் பக்கம் வர மாட்டாங்கதானே?" நான் வக்கீல் இல்லை. சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஐ.பி. மனுவோடு கடன் பட்டியலும் சொத்துப் பட்டியலும் இணைக்க வேண்டும். அதைத் தயார் செய்ய வக்கீல்கள் கணக்குத் தெரிந்த ஆளைத் தேடுவார்கள். அப்படித்தான் சில குடும்பங்களின் மொத்தக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று என் பெரியப்பா மகனுடையது. அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வராது.

அந்தக் கேள்விக்கு என் பதில்: வருவார்கள். மனு தாக்கல் செய்வது ஒரு கட்டம். அதை விசாரித்து, இவர் கடனைத் தீர்க்க முடியாதவர் என்று கோர்ட் உத்தரவு போடுவது இன்னொரு கட்டம். நடுவில் எத்தனை வாய்தா என்று எந்த வக்கீலும் உறுதியாகச் சொல்ல மாட்டார். கோர்ட் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாக வழக்குப் போட முடியாது, சொத்தில் கை வைக்க முடியாது என்பதெல்லாம் இரண்டாவது கட்டத்துக்குப் பிறகுதான். உத்தரவு வந்துவிட்டால், மனு கொடுத்த நாளிலிருந்தே அது அமலில் இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சரி, ஆனால் அதுவரை வாசலில் வந்து நிற்பவரிடம் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? நடுவில் இடைக்காலப் பாதுகாப்பு கேட்கலாம். பணத் தீர்ப்புக்காக, அதாவது கடனைக் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காக, கைதாகியிருப்பவரை விடுவிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. எதுவும் தானாக நடக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி மனு போட வேண்டும்.

இந்த இடைக்காலத்தில் மனிதரைச் சாப்பிடுவது பயம்தான். அதில் பாதிக்கு ஆதாரமே கிடையாது. வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ அனுப்பும் வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடன் கட்டவில்லை என்பதற்காக போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது. சிவில் சிறை என்று ஒன்று உண்டு. ஆனால் கட்ட வசதி இருந்தும் ஏய்க்கிறவருக்குத்தான் அது, வெறுமனே கையில் பணம் இல்லாதவரை உள்ளே தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடமே இல்லை. அண்ணி இதைக் கேட்ட அன்றுதான் நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னார். கந்துவட்டிக்காரர்கள் இந்தச் சுற்றறிக்கையை எல்லாம் படிக்கிறவர்கள் இல்லை, தெரியும். அவர்களுக்கு 2003ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. அந்தப் புகாரை ஐ.பி. மனுவோடு குழப்பிக்கொள்ளாமல் தனியாகக் கொண்டுபோக வேண்டும்.

சட்டம் எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை நகரத்துக்குள் இருப்பவருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். உயர் நீதிமன்றத்தில் மனு, சொத்தைப் பொறுப்பேற்பவர் அஃபிஷியல் அசைனி. மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே சப் கோர்ட்டில் மனு, பொறுப்பேற்பவர் அஃபிஷியல் ரிசீவர். 2016ல் வந்த புது திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதை 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டறைக்காரர், மளிகைக் கடைக்காரர், சம்பளக்காரர் எல்லோருக்கும் அந்த நூறு வயதான சட்டங்கள்தான். புதுச் சட்டத்தில் ஏழைகளுக்கு 'புதுத் தொடக்கம்' என்று ஓர் ஏற்பாடும் எழுதிவைத்திருக்கிறார்கள். வருட வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டுமாம், சொந்த வீடு இருக்கக் கூடாதாம். இதை எழுதியவர்கள் கடன்பட்ட வீட்டுக்குள் ஒருமுறையாவது போயிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

1920 சட்டப்படி, கடனைத் தீர்க்க முடியாத நிலையில் இருப்பவர் 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு கொடுக்கலாம். கடன் அதைவிடக் குறைவாக இருந்தாலும், பணத் தீர்ப்பில் கைதாகியிருந்தாலோ சொத்து ஜப்தியில் இருந்தாலோ போதும். அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்கு அந்த வாசலில் யாரையும் தடுக்க முடியாது. தடைக்கல் வாசலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அதன் பெயர் பட்டியல்.

மனுவில் என்னென்ன வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர்கள் பெயர், விலாசம். என்ன சொத்து இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன மதிப்பு. விலக்கு உள்ளவை போக எல்லாவற்றையும் கோர்ட்டிடம் ஒப்படைக்கத் தயார் என்ற உறுதி. இதற்கு முன் ஐ.பி. கொடுத்ததுண்டா என்ற விவரம். ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம் போலத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அண்ணன் நீள நோட்டில் அழகாகக் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். லேத் பட்டறைக்கு வாங்கிய வங்கிக் கடன், மெஷின் கடன், இரண்டு கிரெடிட் கார்டு, ஃபைனான்ஸ்காரர்கள், இரும்புக் கடை பாக்கி. கூட்டுத்தொகைகூடப் போட்டிருந்தார். அண்ணி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சின்னம்மா பணம் இதுல இல்லையே" என்றார்.

"அது நமக்குள்ள வாங்கினது. அதையெல்லாம் போய் கோர்ட்டுல எழுதுவாங்களா?"

"எழுதணும்ணே" என்றேன்.

"எழுதினா அவங்களுக்குக் கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் போகும்டா. அந்தம்மா கையெழுத்துப் போட்டு வாங்கணும். நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அங்க போறது?"

நான் பார்த்த எல்லாப் பட்டியலிலும் இந்த இடத்தில்தான் பேனா நின்றிருக்கிறது. வங்கிக் கடனைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. சகலையிடம் வாங்கிய கைமாத்து, தங்கச்சி நகையை வாங்கி அடகு வைத்தது, பழைய முதலாளி சீட்டு எழுதாமல் கொடுத்த தொகை, இவைதான் வெளியே வராது. வட்டியும் இல்லை, எழுத்தும் இல்லை, அதனால் கடனே இல்லை என்பதுபோல ஒரு கணக்கு மனதுக்குள் ஓடும். பட்டியலில் இல்லாதவருக்கு நோட்டீஸ் போகாது. நோட்டீஸ் போகாதவர் பின்னால் தனியாகக் கிளம்புவார். அதைவிட மோசம், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது தெரியவந்தால், "வேண்டியவர்களை ஒளித்திருக்கிறார், சொத்தையும் இப்படித்தான் ஒளித்திருப்பார்" என்று ஆரம்பிப்பார்.

அன்று அண்ணன் வேறு ஒரு யோசனையும் வைத்திருந்தார். கையில் வரவேண்டிய ஒரு பில் தொகை இருந்தது. அதை வாங்கி சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்புறம் மனு கொடுக்கலாம் என்றார். மனிதத்தன்மையான யோசனைதான். ஆனால் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தோடு பணம் கொடுத்து, அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு கொடுத்து, திவால் உத்தரவும் ஆகிவிட்டால் அந்தப் பட்டுவாடா செல்லாது. ரிசீவர் சின்னம்மாவிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்பார். வக்கீல் இதைச் சொன்னதும் அண்ணன் பேசாமல் நோட்டை என் பக்கம் தள்ளினார். சின்னம்மா பெயர் ஏறியது.

கடன் பட்டியலுக்கு ஞாபகத்தை நம்பக் கூடாது. வங்கி ஸ்டேட்மென்ட், சிபில் என்னும் கடன் வரலாற்று அறிக்கை, செல்போனில் பணம் அனுப்பிய விவரம், அடகு ரசீது, சீட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் கொட்டி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஏலம் எடுத்துவிட்ட சீட்டில் மிச்சமிருக்கும் தவணைகள் கடன்தான். பலருக்கு அது உறைப்பதே இல்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்களையும் எழுத வேண்டும், வாங்கியவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும். தனியார் கடனில் அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, பாக்கி என்று அவர் சொல்வது எவ்வளவு என மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு ஃபைனான்ஸ்காரர் அண்ணனிடம் கேட்ட தொகை, வாங்கிய அசலைவிடப் பெரிது. கட்டியதைக் கூட்டினால் அசலைத் தாண்டிவிட்டிருந்தது. அவர் சொன்ன தொகையை அப்படியே எழுதியிருந்தால் நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். கடனை நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர் பொறுப்பு.

அண்ணியின் பெயரில் இருந்த மகளிர் குழுக் கடன் இந்தப் பட்டியலில் ஏறவில்லை. அது அவர் கடன். பணம் பட்டறைக்குத்தான் போனது என்பது வீட்டுக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. கணவர் ஐ.பி. கொடுத்தால் மனைவி பெயரில் இருக்கும் கடனும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனிலும் மனைவியின் பொறுப்பு அப்படியே நிற்கும். யார் பெயரில் எது என்று பிரித்தபோதுதான், ஐ.பி. கொடுத்த பிறகும் மாதாமாதம் கட்டியாக வேண்டிய தொகை எவ்வளவு என்பது அவர்களுக்குப் புரிந்தது.

இந்த நாட்களில் யார் எதில் கையெழுத்துக் கேட்டாலும் போடக் கூடாது. ஐ.பி. வாசனை எப்படியோ வெளியே போய்விடும். "சும்மா புரோநோட்டைப் புதுப்பிச்சுக் கொடுங்க, நான் வழக்கெல்லாம் போட மாட்டேன்" என்று வருவார்கள். புரோநோட்டின் ஆயுள் மூன்று வருடம். அது முடியும் முன் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும்.

கையெழுத்து என்றதும் காசோலை. எந்தெந்த எண்ணுள்ள காசோலை யார் யாரிடம் இருக்கிறது என்று தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். தனியாரிடம் கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் தொகை எழுதாத காசோலைகளைக் கொடுத்துவைத்திருப்பார்கள். செக் பவுன்ஸ் வழக்கு கிரிமினல் வழக்கு. ஐ.பி. அதற்குக் கேடயம் ஆகாது. செக் திரும்பி வந்த தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புவார்கள், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'மஞ்சக் கடுதாசி கொடுத்தாச்சு, இனி என்ன' என்று அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு எந்தத் தபாலை விட்டாலும் அதை விடக் கூடாது.

சொத்துப் பட்டியலில் வேறு மாதிரி விளையாட்டு நடக்கும். "வீட்டை அவ பேருக்கு எழுதிவெச்சுட்டு அப்புறம் கொடுத்தா என்ன?" ஐ.பி. என்ற சொல் காதில் விழுந்த எல்லோரும் இந்த யோசனையைச் சொல்வார்கள், அதுவும் பத்திர எழுத்தர் நண்பர் இருந்தால் கேட்கவே வேண்டாம். விலை வாங்காமல் மனைவிக்கோ பிள்ளைக்கோ செட்டில்மென்ட் எழுதி, அந்தத் தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு தாக்கலாகி உத்தரவானால், ரிசீவர் அதை ரத்து செய்யக் கேட்கலாம். கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற எழுதிய பத்திரம் என்று நிரூபித்தால் இரண்டு வருடக் கணக்கும் காப்பாற்றாது, அதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டால் எல்லாம் தேதியோடு வந்து விழும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுக்கும் காகிதம் அதுதான்.

பூர்வீக வீட்டில் பிரிக்காமல் கிடக்கும் பங்கு, கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ், வரவேண்டிய பில் பாக்கி, பழைய டூவீலர் எல்லாம் சொத்துதான். அடகில் இருக்கும் நகையும் எழுத வேண்டும். ஆனால் நகைக்கடன் கொடுத்தவர், வீட்டின் மீது கடன் கொடுத்த வங்கி போன்ற ஈடு பிடித்தவர்களின் கையை ஐ.பி. கட்டாது. அவர்கள் தங்கள் ஈட்டை விற்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் தவணை நின்றுபோய், வீட்டைக் காப்பாற்றத்தான் ஐ.பி. கொடுக்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் முதலில் போக வேண்டிய இடம் அந்த வங்கி. பேசித் தவணையை மாற்றவோ, ஒரே தொகையாகக் கட்டி முடிக்கவோ கேட்கலாம். அப்படி முடித்தால் சிபிலில் 'செட்டில்டு' என்ற குறிப்பு விழும், அடுத்த கடன் கிடைப்பது சிரமம்தான். ஐ.பி.யோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் விட்டுவிடுவார்களா என்ற பயமும் தேவையில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து எதையெல்லாம் விலக்கியிருக்கிறதோ அதெல்லாம் ஐ.பி.யிலும் விலக்கு. துணிமணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் கலப்பை, மாடு, விதை நெல், அவர் குடியிருக்கும் வீடு. பிராவிடண்ட் ஃபண்டும் ஆயுள் காப்பீட்டுப் பணமும் இதில் வரும். அண்ணிக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவருடைய சொத்து, அண்ணனுடைய பட்டியலில் ஏறாது. அது அவர் வீட்டில் போட்டது என்பதற்குப் பழைய ரசீதோ கல்யாண ஃபோட்டோவோ இருந்தால் எடுத்து வைப்பது நல்லது. லேத் மெஷினைக் கைத்தொழில் கருவி என்று சொல்லிப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டார். வக்கீல் ஒப்பவில்லை. அளவுகோல், ஸ்பேனர், டூல் பிட் எல்லாம் சரி, மெஷின் போகத்தான் போகும் என்றார். அது போன நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார்.

விலக்கில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வேறு எதற்கு விலக்கு இருந்தாலும் கணக்குப் புத்தகத்துக்குக் கிடையாது, அதை ஒப்படைத்தாக வேண்டும். கணக்குப் புத்தகத்தைக் கிழிப்பது, திருத்துவது, சொத்தை மறைப்பது எல்லாம் ஒரு வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றங்கள். கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஒழுங்கற்ற கணக்கைக்கூட ஒழுங்கற்றபடியே கொடுத்துவிடுவது மேல். கடைசி வாரத்தில் உட்கார்ந்து அழகாகத் திரும்ப எழுதிய பேரேடு பார்த்ததுமே காட்டிக்கொடுக்கும். ஒரே மை, ஒரே கை, ஒரு அடித்தல்கூட இருக்காது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. வக்கீல் ஃபீஸை முதல் நாளே மொத்தமாகப் பேசிவிடுங்கள், வாய்தாவுக்கு இவ்வளவு என்று போனால் அதுவே புதுக் கடனாகிவிடும். வசதி இல்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மனுவைக் கொடுத்துவிட்டு மனசு மாறினால் நம் இஷ்டத்துக்குத் திரும்பப் பெற முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. கோர்ட் அனுமதி வேண்டும். மனுவைக் காட்டி மிரட்டி வட்டியைக் குறைக்க வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் விசாரணை. கடனைத் தீர்க்க முடியாது என்பதற்கு மேலோட்டமான ஆதாரம் இருந்தாலே அந்தக் கட்டத்துக்குப் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கடன் கொடுத்தவர்கள் வந்து நேரில் கேள்வி கேட்கலாம். அண்ணனைக் கூண்டில் ஏற்றியபோது ஃபைனான்ஸ்காரரின் வக்கீல் பட்டறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் கல்யாணத்துக்குப் போனார்.

"மகள் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டீங்க?"

அண்ணன் சொன்னார்.

"அப்ப உங்களுக்குப் பணம் இருந்திருக்கு."

"இல்லைங்க. சித்தி கொடுத்தாங்க. ஷெட்யூல்ல இருக்கு."

நீதிபதி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். சின்னம்மா பெயர், தொகை, தேதி, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு. வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அன்று சின்னம்மாவும் வந்திருந்தார். நோட்டீஸ் வந்ததே என்று பார்க்க வந்தவர். கூண்டிலிருந்து இறங்கிய அண்ணனிடம், "நேரத்துக்குச் சாப்பிடுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

உத்தரவு வந்ததும் அரசிதழில் பெயர் வரும். சொத்து ரிசீவர் கைக்குப் போகும். விற்று வரும் பணத்தில் முன்னுரிமை உள்ளவர்களுக்குப் போக மிச்சத்தை விகிதப்படி பங்கு வைப்பார்கள். கடனிலிருந்து கோர்ட் தரும் விடுவிப்பு, அதாவது டிஸ்சார்ஜ், கிடைக்கும் வரை புதிதாகக் கைக்கு வரும் சொத்தும் ரிசீவருக்குச் சேரும், அப்பா காலமாகிப் பங்கு வந்தால்கூட. அதுவரை உள்ளாட்சிப் பதவிக்கோ சட்டமன்றத்துக்கோ போக முடியாது. அண்ணனுக்கு இதில் வருத்தமில்லை என்று நினைக்கிறேன். அன்றாட வாழ்க்கையில் தட்டுப்படுவது வேறு ஒரு விதி. விடுவிப்பு ஆகாதவர் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கும்போது, தான் திவாலானவர் என்று கொடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. 1920ல் போட்ட 50 ரூபாய். இன்றைக்கு மளிகைக் கடையில் ஒரு சோப்பும் எண்ணெய்ப் பாக்கெட்டும் கணக்கில் எழுதச் சொன்னாலே தாண்டிவிடும்.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று. உத்தரவு போடும்போதே, இத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனு கொடுக்க வேண்டும் என்று கோர்ட் கெடு வைக்கும். வழக்கு ஜெயித்துவிட்டது என்று வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. கெடு தாண்டினால் திவால் உத்தரவே ரத்தாகலாம், எல்லாக் கடனும் பழையபடி எழுந்து உட்காரும். கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் அது கோர்ட்டின் விருப்பம். கடன் சுமை கழல்வது டிஸ்சார்ஜ் உத்தரவில்தான். அதற்கும் கேள்விகள் உண்டு. சொத்து, ஈடு வைக்காமல் வாங்கிய கடனில் ரூபாய்க்கு 8 அணா, அதாவது பாதி அளவுக்காவது தேறியதா, இல்லையென்றால் அதற்கு இவர் பொறுப்பா? சட்டப் புத்தகத்தில் இன்னமும் அணாதான். முறையாகக் கணக்கு வைத்திருந்தாரா, திருப்பிக் கட்ட வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கினாரா, சூதாட்டத்திலும் ஊதாரித்தனத்திலும் விட்டாரா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். மறுக்கலாம், தள்ளிப்போடலாம், நிபந்தனையோடு கொடுக்கலாம்.

கிடைத்த பிறகும் அரசுக்குத் தர வேண்டிய பாக்கி, மோசடி செய்து பெற்ற கடன், கோர்ட் உத்தரவான ஜீவனாம்சம் இவை போகாது. ஜாமீன் போட்டவருக்கும் விடுதலை கிடையாது. அண்ணனின் மெஷின் கடனுக்கு ஜாமீன் போட்டவர் அண்ணியின் தம்பி. மனு கொடுப்பதற்கு முன்பே அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, வங்கி இனி உன்னைத்தான் தேடி வரும் என்று முகத்துக்கு நேரே சொல்லும்படி வக்கீல் கட்டாயப்படுத்தினார். அண்ணன் சொன்னார். மச்சான் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ஆனால் வங்கி நோட்டீஸ் வருவதற்குள் தானே மேலாளரைப் பார்த்து, மெஷின் விற்ற தொகை போக மிச்சத்துக்குத் தவணை வாங்கிவிட்டார். அண்ணன் இப்போது இன்னொருவர் பட்டறையில் சம்பளத்துக்குப் போகிறார், டிஸ்சார்ஜ் மனு கெடுவுக்குள் தாக்கலாகிவிட்டது, அடுத்த வாய்தா கோர்ட் விடுமுறைக்குப் பிறகு.